தொப்புள்கொடியில் ஒரே தமனி: அறிக்கை வந்த நாளிலிருந்து பிரசவம் வரை

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில், அதாவது 18 முதல் 20 வாரங்களுக்குள், எடுக்கப்படும் அனாமலி ஸ்கேனின் அறிக்கையில் தொப்புள்கொடிக்கென ஒரு வரி உண்டு. அது வழக்கமாக ‘த்ரீ வெசல் கார்டு’ என்று முடிந்துவிடுவதால் யாருடைய கண்ணிலும் தங்குவதில்லை. அதே இடத்தில் ‘டூ வெசல் கார்டு’ என்றோ, ‘சிங்கிள் அம்பிலிக்கல் ஆர்ட்டரி’ என்றோ, சுருக்கமாக ‘எஸ்.யு.ஏ.’ என்றோ அச்சாகியிருந்தால், அறிக்கையைக் கையில் வாங்கிய தம்பதியர் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே கைபேசியில் அந்தச் சொற்களைத் தேடி, இதயக் கோளாறு, குரோமோசோம் கோளாறு, வளர்ச்சிக் குறைவு என்று நீளும் பட்டியலைப் படித்துக் கலங்கிப்போவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டியல் பொய்யானதன்று. ஆயினும் அதில் கூறப்படுபவை எத்தகைய குழந்தைகளுக்குப் பொருந்தும், எத்தகைய குழந்தைகளுக்குப் பொருந்தாது என்ற பாகுபாடு பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அந்தப் பாகுபாட்டைச் செய்துகொடுப்பதும், செய்துகொண்ட பின் எஞ்சிய மாதங்களில் எதைக் கண்காணிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று காட்டுவதும், கொடி தொடர்பான வேறு சில கண்டறிதல்களில் அச்சம் ஓரிடத்திலும் ஆபத்து வேறோரிடத்திலும் இருப்பதை எடுத்துரைப்பதும் இந்த அத்தியாயத்தின் பணி.

கொடியின் அமைப்பு

இயல்பான தொப்புள்கொடியில் மூன்று ரத்தக்குழாய்கள் உள்ளன. அவற்றுள் அகலமானது சிரை. கருப்பைச் சுவரில் ஒட்டியிருந்து தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனையும் ஊட்டத்தையும் பெற்றுத்தரும் உறுப்பான நஞ்சிலிருந்து குழந்தைக்குச் சத்துள்ள ரத்தத்தைக் கொண்டுவருவது அதுவே. மற்ற இரண்டும் தமனிகள்; குழந்தை பயன்படுத்தி முடித்த ரத்தத்தை அவை நஞ்சுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மூன்றையும் சுற்றி வழுவழுப்பான கூழ்போன்ற திசு ஒன்று நிறைந்திருக்கிறது. 1656ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் அதை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் அது வார்ட்டன் கூழ் எனப்படுகிறது. கொடி முறுக்கப்பட்டாலும் அழுத்தப்பட்டாலும் ரத்தக்குழாய்கள் நசுங்கிவிடாமல் காப்பது இந்தக் கூழும், கொடியின் இயற்கையான முறுக்கும் ஆகும். நிறைமாதத்தில் கொடியின் நீளம் சராசரியாக 50 முதல் 60 செ.மீ. வரை இருக்கும்.

தமனிகள் இரண்டில் ஒன்று இல்லாத நிலையே இங்கே பேசப்படுவது. ஊட்டத்தைக் கொண்டுவரும் குழாயான சிரை அப்படியே இருக்கிறது என்பதையும், விடுபட்டிருப்பது திரும்பிச் செல்லும் இரண்டு வழிகளில் ஒன்று மட்டுமே என்பதையும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மீதமுள்ள ஒற்றைத் தமனி பெரும்பாலும் வழக்கத்தைவிட அகன்று, இரண்டு தமனிகள் செய்யவேண்டிய வேலையைத் தானே செய்கிறது. ஸ்கேனில் அதன் விட்டம் சிரையின் விட்டத்துக்கு நெருங்கிவருவதைக் கண்டே பல மருத்துவர்கள் தங்கள் கணிப்பை உறுதிசெய்துகொள்கின்றனர். ஒரே குழந்தையைச் சுமக்கும் கர்ப்பங்களில் ஏறத்தாழ 200க்கு ஒன்று முதல் 100க்கு ஒன்று வரை இந்நிலை காணப்படுகிறது; இரட்டைக் குழந்தைகளில் இது மூன்று, நான்கு மடங்கு அதிகம். அவ்வகையில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பிரசவங்கள் நடக்கும் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்கு இது அபூர்வமான செய்தியன்று, வீட்டாருக்குத்தான் அபூர்வம்.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன: தொடக்கத்திலேயே ஒரு தமனி உருவாகாமல் போயிருக்கலாம், உருவான தமனி பின்னர்ச் சுருங்கி மறைந்திருக்கலாம், அல்லது கருவின் மிக ஆரம்ப நிலையில் தற்காலிகமாக இருக்கும் ஒற்றைத் தமனியே இரண்டாகப் பிரியாமல் நிலைத்துவிட்டிருக்கலாம். கொடி உருப்பெறுவது கர்ப்பத்தின் ஏழு, எட்டு வாரங்களுக்குள் ஆதலால், நான்காம் மாதத்தில் சாப்பிட்ட பப்பாளித் துண்டோ, பேருந்தில் நின்றுகொண்டே போன பயணமோ, கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததோ இதற்குக் காரணமாக இருக்க வழியே இல்லை. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உள்ள தாய்மாரிடம் இது சற்று அதிகமாகக் காணப்படுவதைத் தவிர, தாயின் நடத்தையோடு இதைத் தொடர்புபடுத்தும் பேச்சுகளுக்கு அடிப்படை கிடையாது. அத்தகைய பேச்சு வீட்டில் எழுந்தால் அதை அன்றே நிறுத்தவேண்டிய பொறுப்பு கணவருடையது.

எண்ணிக்கை எங்கே சரிபார்க்கப்பட்டது என்பதும் ஒரு முக்கியமான கேள்வி. கொடியைக் குறுக்குவெட்டாகப் பார்க்கும்போது பெரிய வட்டம் ஒன்றும் அதன்மேல் சிறிய வட்டங்கள் இரண்டும் தெரிவதால், ஸ்கேன் அறையில் அதை மிக்கி மவுஸ் முகம் என்று சொல்வதுண்டு. ஒரு காது மட்டும் தெரிந்தால் தமனி ஒன்றே. ஆனால் நஞ்சில் கொடி இணையும் இடத்துக்கு மிக அருகில் இரண்டு தமனிகளும் ஒன்றோடொன்று இணையும் இணைப்பு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் வியன்னா உடற்கூறியல் அறிஞர் ஜோசப் ஹிர்ட்லின் பெயரால் வழங்கும் அந்த இணைப்பின் அருகே பார்த்தால் இயல்பான கொடியிலும் ஒரே தமனி இருப்பதுபோலத் தோன்றக்கூடும். எனவே நம்பத்தக்க இடம் குழந்தையின் சிறுநீர்ப்பையை ஒட்டிய பகுதியே: வண்ண டாப்ளர் என்னும், ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் முறையில் பார்க்கும்போது சிறுநீர்ப்பையின் இருபுறமும் இரண்டு நிறக்கோடுகள் ஓடினால் தமனிகள் இரண்டு, ஒருபுறம் மட்டும் ஓடினால் ஒன்று. முதல் மூன்று மாத ஸ்கேனில் ஐயமாகச் சொல்லப்பட்டது ஐந்தாம் மாதத்தில் இல்லையென்றாவதும், அப்போது சொல்லப்படாதது இப்போது தெரியவருவதும் இக்காரணங்களாலேயே.

தனித்ததா, துணையோடு வந்ததா

ஒற்றைத் தமனி என்னும் கண்டறிதலின் பொருள் முழுவதும் ஒரே ஒரு கேள்விக்கான விடையில் அடங்கியிருக்கிறது: குழந்தையின் உடலில் அதனுடன் வேறு ஏதேனும் குறை காணப்படுகிறதா? வேறெதுவும் இல்லையென்றால் அறிக்கையில் ‘ஐசோலேட்டட்’, அதாவது தனித்தது, என்று எழுதப்படும். இதயம், சிறுநீரகம், குடல், முதுகெலும்பு முதலியவற்றில் வேறொரு குறையும் சேர்ந்து தெரிந்தால் அது தனித்ததாகாது. அப்போது கவனம் கொடியிலிருந்து விலகி அந்த மற்றக் குறையின்மேல் செல்லவேண்டும். ஒற்றைத் தமனியுள்ள குழந்தைகளில் பெரும்பான்மையோர் முதல் வகையினர். அவர்கள் மற்றக் குழந்தைகளைப்போலவே பிறந்து வளர்கின்றனர். இணையத்தில் காணப்படும் அச்சமூட்டும் பட்டியல்கள் இரண்டாம் வகையினரைப் பற்றியவை. இரு வகையினரையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசுவதே குழப்பத்தின் வேர்.

குரோமோசோம் பற்றிய அச்சமும் இவ்வாறே பிரித்துப் பார்க்கப்படவேண்டும். 18ஆம் அல்லது 13ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கடுமையான நிலைகளில் ஒற்றைத் தமனி அடிக்கடி காணப்படுவது உண்மை. ஆனால் அத்தகைய குழந்தைகளில் இதயத்திலும் கைகளிலும் மூளையிலும் வேறு பல அடையாளங்கள் ஸ்கேனில் தெரிவதே வழக்கம். இதனால்தான் அமெரிக்காவின் தாய்–கரு மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒற்றைத் தமனி தனித்துக் காணப்பட்டால் அதற்காக மட்டும் குரோமோசோம் பரிசோதனை எதுவும் கூடுதலாகத் தேவையில்லை என்று தெளிவாகக் கூறி, மூன்றாம் பருவத்தில் ஒரு வளர்ச்சி ஸ்கேனையும், 36 வாரங்களிலிருந்து வாரந்தோறும் குழந்தையின் நலனைச் சோதிப்பதைப் பற்றிய பரிசீலனையையும் மட்டும் பரிந்துரைக்கிறது. வேறு குறைகள் சேர்ந்திருக்கும்போது நிலைமை வேறு: தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சின் மரபணுத் துணுக்குகளைச் சோதிக்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனை ஐயத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவுமே தவிர உறுதிசெய்யாது. உறுதிசெய்வது பனிக்குட நீரைச் சிறிது எடுத்து ஆராயும் ஆம்னியோசென்டெசிஸ். அனுபவமுள்ள கைகளில் அதனால் கர்ப்பம் கலையும் வாய்ப்பு ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை என்று கணக்கிடப்படுகிறது.

இங்கே நாள்கணக்கும் முக்கியமாகிறது. 2021இல் திருத்தப்பட்ட இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, கருவில் கடுமையான குறைபாடு இருக்கும்போது 20 முதல் 24 வாரங்கள் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தின்பேரிலும், 24 வாரங்களுக்குப் பிறகு மருத்துவக் குழுவின் அனுமதியின்பேரிலுமே முடிவெடுக்க இயலும். பனிக்குட நீர்ப் பரிசோதனையின் முழு முடிவு வரவோ இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம். ஆகவே ‘ஆடி முடியட்டும்’, ‘ஊர்த் திருவிழா முடியட்டும்’ என்று ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடுவது, தேவைப்படும் ஒரு சிலருக்கு முடிவெடுக்கும் காலத்தையே பறித்துவிடுகிறது. தனித்த ஒற்றைத் தமனியோ கருக்கலைப்புக்கான காரணமே அன்று. அவ்வாறு யாரேனும் அறிவுறுத்தினால் வேறொரு மகப்பேறு மருத்துவரின் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும்.

மருத்துவரைச் சந்திக்கும்போது

அறிக்கை கைக்கு வருவதற்கும் மகப்பேறு மருத்துவரைச் சந்திப்பதற்கும் இடைப்பட்ட ஓரிரு நாள்களே பெரும்பாலோருக்குக் கடினமானவை. அறிக்கை என்பது ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதுவது. அதில் கவலைக்குரியதும் கவலைக்கிடமற்றதும் ஒரே குரலில், ஒரே எழுத்தளவில் அச்சாகியிருக்கும். அந்த இடைவெளியில் செய்யத்தக்க பயனுள்ள வேலை ஒன்று உண்டென்றால், அறிக்கையின் மற்ற வரிகளை நிதானமாகப் படிப்பது. இதயத்தின் நான்கு அறைகள், இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்கள், இரண்டு சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை, இரைப்பை, முதுகெலும்பு ஆகியவற்றுக்கு எதிரே ‘நார்மல்’ என்று இருக்கிறதா, அல்லது குழந்தை படுத்திருந்த விதத்தால் ‘சரியாகப் பார்க்க இயலவில்லை’ என்ற பொருளில் ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். இந்த இரண்டும் ஒன்றல்ல. முதலாவது விடை, இரண்டாவது விடை இன்னும் வரவில்லை என்பதற்கான அறிவிப்பு. ‘ஐசோலேட்டட்’ என்ற சொல், எல்லா உறுப்புகளும் உண்மையிலேயே பார்க்கப்பட்ட பிறகு எழுதப்பட்டால்தான் அதற்கு மதிப்பு.

மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே ஆதலால், கேட்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. “டாக்டர், கொடியில இருக்கிற இது தவிர வேற ஏதாவது தெரியுதா?” என்பது முதல் கேள்வி. “இதயமும் கிட்னியும் முழுசாப் பார்த்தாச்சுங்களா, இல்ல திரும்பப் பார்க்கணுமா?” என்பது இரண்டாவது. “கொடி நஞ்சுல எந்த இடத்துல சேர்ந்திருக்கு?” என்ற மூன்றாவது கேள்வி பெரும்பாலும் யாருக்கும் தோன்றாது, அதன் தேவை பின்னர் விளக்கப்படும். இதயத்தின் காட்சிகள் தெளிவாகவும் இயல்பாகவும் இருந்தால் கருவின் இதயத்துக்கென்று தனியாக எடுக்கப்படும் எக்கோ பலருக்குத் தேவைப்படாது. தெளிவில்லாதபோதும், தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருக்கும்போதும், குடும்பத்தில் பிறவி இதயக் கோளாறு இருக்கும்போதும் 22 முதல் 24 வாரங்களில் அதை எடுக்கச் சொல்வது முறை. மருத்துவர் எக்கோ எழுதிக்கொடுத்ததாலேயே ஏதோ கண்டுபிடித்து மறைக்கிறார் என்று எண்ணவேண்டியதில்லை.

மீண்டும் ஸ்கேன் எடுக்கச் செல்லும்போது எஃப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதைக் கண்டு சிலர் திகைக்கின்றனர். குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று தாய் உறுதியளிக்கும் இந்தப் படிவம், பாலினத் தேர்வைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கர்ப்பிணிகளின் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நிரப்பப்படுவது. கண்டறிதலின் கடுமைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பின்வரும் மாதங்கள்

தனித்த ஒற்றைத் தமனியோடு வளரும் குழந்தைகளில் ஒரு சிறு பகுதியினர் எதிர்பார்த்த எடையைவிடக் குறைவாக வளரக்கூடும் என்பதே மூன்றாம் பருவத்தில் கவனிக்கவேண்டிய ஒரே பெரிய செய்தி. ஆய்வுகள் இதில் ஒத்த கருத்துடையவை அல்ல. சிலவற்றில் வேறுபாடு தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. ஆயினும் பார்த்துக்கொள்வதில் நட்டமில்லை என்பதால் 28 முதல் 36 வாரங்களுக்குள் ஒன்றோ இரண்டோ வளர்ச்சி ஸ்கேன்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் தலைச்சுற்றளவு, வயிற்றுச்சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு எடை மதிப்பிடப்பட்டு, அதே வாரத்திலுள்ள நூறு குழந்தைகளை எடைவரிசையில் நிறுத்தினால் இக்குழந்தை எத்தனையாவதாக நிற்கும் என்ற சதமான எண் கொடுக்கப்படுகிறது. பத்தாவது சதமானத்துக்குக் கீழே இருந்தால் கொடியின் ரத்த ஓட்டம் டாப்ளரில் அளக்கப்பட்டு, அதற்கேற்பக் கண்காணிப்பு நெருக்கமாகும். ஸ்கேன் எடைக் கணக்கு பத்து, பதினைந்து சதவீதம் கூடக்குறைய இருக்கக்கூடியது. எனவே ஒரு தடவை வந்த எண்ணைவிட இரண்டு ஸ்கேன்களுக்கிடையே குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதே நம்பகமானது. இதனாலேயே மனம் கேட்கவில்லை என்று பத்து நாளுக்கொருமுறை வெவ்வேறு ஸ்கேன் நிலையங்களில் பார்ப்பது கவலையைக் குறைப்பதற்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டு அளவீடுகளுக்கிடையே குறைந்தது இரண்டு வாரமாவது, இயன்றால் மூன்று வாரம், இடைவெளி விட்டு, கூடுமானவரை ஒரே இடத்தில் எடுப்பது பொருளுள்ளது.

தாயால் நாள்தோறும் செய்யக்கூடியது குழந்தையின் அசைவை அறிந்துவைத்திருப்பது. 28 வாரங்களுக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் துள்ளும் நேரம், உறங்கும் நேரம் என்று ஒரு வழக்கம் அமைந்துவிடும். அந்த வழக்கத்திலிருந்து குறைவதே எச்சரிக்கை. குறைந்ததாக ஐயம் எழுந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து இரண்டு மணி நேரம் வேறு வேலையில்லாமல் கவனித்து, அதற்குள் பத்து அசைவுகள் தெரியாவிட்டால் இரவென்றும் பகலென்றும் பாராமல் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மறுநாள் காலை வரை காத்திருப்பதோ, இனிப்பான பழச்சாறு குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பதோ, வீட்டில் வாங்கிவைத்த சிறு டாப்ளர் கருவியில் துடிப்பு கேட்கிறதே என்று நிறைவடைவதோ சரியன்று. துடிப்பு கேட்பது அந்த நொடியில் குழந்தை உயிரோடிருப்பதை மட்டுமே சொல்லும், அது தளர்ந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது.

உறவினரிடம் என்ன சொல்வது என்பதும் சிறிய சிக்கலன்று. ஏழாம் மாத வளைகாப்புக்குள் செய்தி எப்படியோ பரவி, “ஏதோ கொடியில கோளாறாமே” என்று ஒவ்வொருவரும் தத்தமக்குத் தெரிந்த ஒரு கதையோடு வந்து கேட்பர். கணவனும் மனைவியும் முன்கூட்டியே ஒரே வாக்கியத்தைப் பேசிவைத்துக்கொள்வது இதற்கு எளிய வழி: “கொடியில ஒரு குழாய் கம்மியா இருக்கு, மத்தபடி குழந்தை நல்லா இருக்கு, எட்டாம் மாசம் ஒரு ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருக்காங்க.” இதில் பொய்யும் இல்லை, மேலும் கேட்க இடமும் இல்லை. இவற்றையெல்லாம் மீறி, இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எந்நேரமும் ஒரே நினைப்பாக இருந்தால் அதைப் பரிசோதனைக்குச் செல்லும்போது மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். டெலி மனஸ் என்னும் அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலும் பேசலாம்.

கழுத்தைச் சுற்றிய கொடியும் கருப்பை வாயருகே ஓடும் குழாயும்

கொடி என்றதும் தமிழ்நாட்டு வீடுகளில் எழும் முதல் அச்சம் தமனியைப் பற்றியதன்று, கழுத்தில் சுற்றிக்கொள்வதைப் பற்றியது. கர்ப்பிணி ஒருபுறத்திலிருந்து மறுபுறம் நேராகப் புரண்டு படுத்தால் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் திரும்பிப் படுக்கவேண்டும் என்று பாட்டிமார் இன்றும் சொல்வதுண்டு. கொடி சுற்றிப் பிறந்த, அதாவது மாலை போட்டுப் பிறந்த, குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்று அஞ்சி, அவர் குழந்தையை நேரே பாராமல் முதலில் எண்ணெயில் அதன் முகத்தைப் பார்க்கும் வழக்கமும் உண்டு. எழுந்து திரும்புவதால் தீங்கில்லை, கனத்த வயிற்றோடு இருப்பவருக்கு இடுப்புக்கு அது இதமாகவும் இருக்கலாம். ஆனால் கொடி சுற்றுவது குழந்தை பனிக்குட நீரில் தானே புரண்டு நீந்துவதால் நேர்வது, தாய் படுக்கும் முறையால் அன்று. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றின் கழுத்தில் கொடி ஒரு சுற்றாவது இருக்கிறது; அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் இன்றிப் பிறக்கின்றன. கருப்பைக்குள் குழந்தை மூக்காலும் தொண்டையாலும் மூச்சு விட்டு ஆக்சிஜன் பெறுவதில்லை என்பதால் கழுத்து நெரிபடும் என்ற கற்பனைக்கு அங்கே இடமில்லை. கொடியே இறுகி ரத்த ஓட்டம் தடைப்படுகிறதா என்பதுதான் கேள்வி, அதையும் வார்ட்டன் கூழ் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஸ்கேனில் சுற்று தெரிந்தது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்வதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பிரசவ வலியின்போது சி.டி.ஜி. கருவியில் குழந்தையின் இதயத்துடிப்பு கண்காணிக்கப்படுகிறது. தலை வெளிவந்ததும் மருத்துவரோ செவிலியரோ விரலால் தொட்டுப் பார்த்து, சுற்றைத் தலைவழியாகக் கழற்றிவிடுவது அன்றாட வேலை.

இதற்கு நேர்மாறாக, யாரும் பேசாத, பெயர்கூடப் பரவாத ஒரு நிலைதான் உண்மையில் அஞ்சத்தக்கது. கொடி வழக்கமாக நஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு அருகிலோ இணைகிறது. நூறில் ஏறத்தாழ ஒரு கர்ப்பத்தில் அது நஞ்சைத் தொடாமல் பனிக்குடத்தின் சவ்வில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ரத்தக்குழாய்கள் கூழின் பாதுகாப்பின்றிச் சவ்வின்வழியே ஊர்ந்து நஞ்சை அடைகின்றன. அறிக்கையில் இது ‘வெலமென்டஸ் இன்சர்ஷன்’ எனப்படும். ஒற்றைத் தமனியுள்ள கொடிகளில் இது சற்று அதிகம் காணப்படுவதால்தான் முன்னர்க் கூறிய மூன்றாவது கேள்வி தேவைப்படுகிறது. சவ்வில் ஓடும் அக்குழாய்கள் கருப்பை வாய்க்கு மேலேயோ மிக அருகிலேயோ குறுக்காகச் சென்றால் அந்நிலை ‘வாசா பிரீவியா’. பனிக்குடம் உடையும்போது அக்குழாயும் கிழிந்தால் வெளியேறுவது குழந்தையின் ரத்தம். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலிலுள்ள மொத்த ரத்தமே 300 மி.லி.க்குள்தான் என்பதால் சில நிமிடங்களில் நிலைமை கைமீறிப்போகும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்தின்போதே இது கண்டறியப்பட்ட குழந்தைகளில் 97 சதவீதமும், பிரசவ நேரத்தில்தான் தெரியவந்த குழந்தைகளில் 44 சதவீதமும் பிழைத்தன. முன்கூட்டியே அறிவது ஒன்றே இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் நிலைகள் மகப்பேற்று மருத்துவத்தில் அதிகமில்லை.

ஆகவே கொடி சவ்வில் இணைந்திருப்பதாக எழுதப்பட்டவர்கள், நஞ்சு கீழே இறங்கியிருப்பதாக ஐந்தாம் மாதத்தில் சொல்லப்பட்டவர்கள் (அது பின்னர் மேலே ஏறிவிட்டாலும்), நஞ்சு இரண்டு பகுதிகளாக அமைந்தவர்கள், செயற்கைமுறைக் கருத்தரிப்பால் கருவுற்றவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள் ஆகியோர், பிறப்புறுப்பு வழியாக வண்ண டாப்ளருடன் ஸ்கேன் செய்து கருப்பை வாயருகே குழாய் ஏதும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளலாமா என மருத்துவரிடம் தயங்காமல் கேட்கவேண்டும். உண்மையில் அவ்வாறு ஓடினால், கருப்பை வளர வளரக் குழாய் விலகிவிடுவதும் உண்டு என்பதால் 32 வாரத்தையொட்டி மறுபடி பார்க்கப்படும். விலகாவிட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டு, வலி தொடங்குவதற்கு முன்பே 34 முதல் 37 வாரங்களுக்குள் சிசேரியன் திட்டமிடப்படும்; கடைசி வாரங்களை மருத்துவமனையிலேயே கழிக்கச் சொல்வதும் உண்டு. பிரசவம் நடக்கும் இடத்தில் ரத்த வங்கியும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள சீமாங் மையங்கள் இத்தகைய அவசரங்களுக்கென்றே அமைந்தவை. வலியின்றி இரத்தம் பட்டாலோ நீர் உடைந்தாலோ ஆட்டோ தேடாமல் 108ஐ அழைத்து, நோயின் பெயரைச் சொல்லி, அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படவேண்டும்.

கொடியில் விழும் மெய்யான முடிச்சு, கொடியிலுள்ள நீர்க்கட்டி, சிரையின் ஒரு பகுதி புடைத்திருப்பது ஆகியவை அறிக்கையில் எப்போதாவது தலைகாட்டுபவை. முடிச்சு ஏறத்தாழ நூறில் ஒரு பிரசவத்தில் இருப்பினும் பெரும்பாலும் பிறந்த பிறகே தெரியவருகிறது. மற்ற இரண்டும் ஒற்றைத் தமனியைப்போலவே வேறு குறை உண்டா என்று தேடச்செய்து, பின் தொடர் ஸ்கேன்களால் கண்காணிக்கப்படுகின்றன.

பிரசவமும் அதன் பிறகும்

தனித்த ஒற்றைத் தமனிக்காகச் சிசேரியனோ, நாள் வருமுன் வலி வரவழைப்பதோ தேவையில்லை. வளர்ச்சி சரியாக இருந்தால் இயல்பான பிரசவத்துக்குக் காத்திருக்கலாம். வலி தொடங்கியதும் பிரசவ அறையிலுள்ளவர்களுக்கு இச்செய்தியை நினைவூட்டுவது தாயுடன் செல்பவரின் வேலை, ஏனெனில் இரவுப் பணியில் இருப்பவர் அதுவரை கர்ப்பத்தைக் கவனித்துவந்த மருத்துவராக இருக்கவேண்டும் என்பதில்லை. குழந்தை பிறந்து கொடி வெட்டப்பட்டதும், வெட்டுமுனையில் அகன்று தளர்ந்த வாயோடு சிரையும், தடித்த வெண்ணிறச் சுவரோடு சற்றே முன்தள்ளி நிற்கும் தமனியும் வெறுங்கண்ணுக்கே தெரியும். அங்கேயே எண்ணி எழுதப்படும். ஸ்கேன் சொன்னது அப்போது மாறிப்போய் இரண்டு தமனிகள் காணப்படுவதும் உண்டு.

பின்னர்க் குழந்தைநல மருத்துவர் இதயத்தை ஒலிமானியால் கேட்டு, ஆசனவாய், முதுகு, கைகால் முதலியவற்றைப் பார்த்து, சிறுநீர் கழிந்ததா என்று விசாரிப்பார். கர்ப்பத்தில் சிறுநீரகங்கள் தெளிவாகப் பார்க்கப்படாமல் விடுபட்டிருந்தால் குழந்தைக்கு வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்லக்கூடும். தெளிவாகப் பார்க்கப்பட்டு இயல்பாக இருந்திருந்தால் பலர் அதைக் கேட்பதில்லை. தொப்புளில் எஞ்சிய கொடி மற்றக் குழந்தைகளுக்கு விழுவதுபோலவே ஓரிரு வாரங்களில் உலர்ந்து விழும்; அதற்குத் தனிப் பராமரிப்பு ஏதுமில்லை, விபூதியோ எண்ணெயோ தடவாமல் உலர்வாக வைத்திருந்தால் போதும்.

ஒற்றைத் தமனி பெரும்பாலும் குடும்பவழி வருவதன்று. அடுத்த கர்ப்பத்திலும் அப்படியே நேரும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. இருந்தாலும் பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் பிரசவச் சுருக்கக் குறிப்பையும் ஒரே கோப்பில் வைத்திருந்து, அடுத்த முறை கருவுற்றதும் முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. துணையாக வேறொரு குறையும் காணப்பட்ட குடும்பங்கள், கருவுறுவதற்கு முன்பே மரபணு ஆலோசகரைச் சந்திப்பது அதனினும் நல்லது.